அண்ணன் ஏன் தண்ணீர் எடுப்பதில்லை?

மாலை நேரம். கடைசிக் கொழுந்தையும் நிறுத்துக் கொடுத்துவிட்டுத் தாய் லயத்துக்குத் திரும்புகிறாள். இடுப்பிற் கட்டிய படங்கை அவிழ்க்கு முன்னரே, பீலியிலிருந்து குடத்துடன் வந்த ஏழு வயது மகள் வாசலில் நின்று கேட்கிறாள்: “நான் மட்டும் ஏம்மா தண்ணி எடுக்கணும்? அண்ணன் எடுத்தா என்ன?” தாய்க்கோ உடல் முழுதும் அலுப்பு. “அவன் ஆம்பளப் புள்ள, நீ பொம்பளப் புள்ள” என்று கூறி அடுப்படிக்குப் போய்விடுகிறாள். சிறுமியும் வாய் மூடிக்கொள்கிறாள். பந்து விளையாடிக்கொண்டிருந்த அண்ணனும் அந்த மறுமொழியைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான்.

ஹட்டனிலும் நுவரெலியாவிலும் உள்ள தோட்டங்களில் இக்கேள்வி எழாத லயம் அரிது. ஞாயிறு தவறாது ஆலயத்துக்குச் செல்லும் கிறிஸ்தவ இல்லங்களும் இதற்கு விலக்கல்ல. ஆண் யார், பெண் யார் என்று குழந்தைகளுக்கு என்ன சொல்லப் போகிறோம்? இதனைச் சற்றுச் சிந்திப்போம்.

நாம் வாய் திறக்கு முன்பே குழந்தை கண்ணாற் படித்துவிடுகிறது. கொழுந்து பறிப்பவர் பெரும்பாலும் பெண்கள். அவர்களை மேற்பார்க்கும் கங்காணி பெரும்பாலும் ஆண். கவ்வாத்துக்குப் போகும் தகப்பன், தனக்கிட்ட வேலை முடிந்ததும் நண்பகலுக்குப் பின் வீடு திரும்பிவிடுவதுண்டு. தாயோ மாலை வரை மலையில் நிற்கிறாள். வந்தபின் அடுப்பு, துணி, குழந்தை. 1984ஆம் ஆண்டு வரையில் தோட்டத்துப் பெண்ணின் நாட்சம்பளம் ஆணின் சம்பளத்திலும் குறைவாகவே இருந்தது. அவ்வாண்டில்தான் இரண்டும் சமமாயின. ஆயினும் மனைவியின் சம்பளத்தையும் கணவனே கைநீட்டி வாங்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. சம்பளம் சமமாயிற்று; குடம் இன்னும் சமமாகவில்லை.

வேதம் என்ன சொல்லுகிறது?

ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் ஆணும் பெண்ணும் ஒருங்கே கடவுளின் சாயலைப் பெறுகின்றனர். ஒருவருக்கு முழுச் சாயலும் மற்றவருக்கு அரைச் சாயலும் அல்ல. தோட்டத்துப் பேச்சிற் சொன்னால், கடவுளின் கணக்குப் புத்தகத்தில் எவருக்கும் அரைப்பேர் கிடையாது.

“ஏவாள் விலா எலும்பிலிருந்து வந்தவள்தானே? துணைக்கு வந்தவள்தானே?” என்று வளர்ந்த பிள்ளை கேட்கலாம். துணை என்று அங்கே குறிக்கும் எபிரேயச் சொல், சங்கீதங்களிற் கடவுளையே குறிக்க வருகிறது. மனிதனுக்குத் துணையாக நிற்கும் கடவுள் மனிதனுக்குத் தாழ்ந்தவரா? ஆண் பெண்ணை ஆளுவான் என்ற பேச்சோ மூன்றாம் அதிகாரத்தில், பாவம் புகுந்த பின்னரே வருகிறது. அதைப் படைப்பின் ஒழுங்கெனப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது தகாது.

“கடவுள் ஆம்பளையா?” என்பது சிறு பிள்ளைகளின் மற்றொரு கேள்வி. கடவுள் ஆவியானவர்; அவருக்கு நம்மைப் போல் உடல் இல்லை. இயேசு நமக்குக் கற்பித்தபடி பிதாவென்று அழைக்கிறோம். அதே கடவுள் தாய் தேற்றுவது போல் தேற்றுவார் என்கிறார் ஏசாயா. குஞ்சுகளைச் சிறகின்கீழ் சேர்க்கும் கோழிக்குத் தம்மை ஒப்பிட்டார் இயேசு. லூக்கா 15ஆம் அதிகாரத்தில் ஆடு தேடும் மேய்ப்பனுக்கு அடுத்தாற்போல், விளக்கேற்றி வீடு பெருக்கி வெள்ளிக்காசு தேடும் ஒரு பெண்ணும் நிற்கிறாள். இரண்டு கதையும் கடவுளின் தேடலைச் சொல்பவையே.

ஆண் பிள்ளைக்கும் சொல்ல வேண்டியவை உண்டு. விழுந்து முழங்கால் சிராய்த்த சிறுவனை, “ஆம்பள அழலாமா?” என்று அதட்டுகிறோம். லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு அழுதார். தண்ணீரும் துண்டும் எடுத்துச் சீடரின் கால்களைக் கழுவினார். உயிர்த்தெழுந்தபின் கடற்கரையிலே கரிநெருப்பு மூட்டி, மீன் சுட்டு, பசித்து வந்தோருக்குப் பரிமாறினார். அடுப்படி ஆணுக்கு இழிவென்று சொல்லும் தகப்பன் இக்கதையைப் பிள்ளைக்கு எப்படி வாசித்துக் காட்டுவான்? பெண் பிள்ளைக்கோ, இஸ்ரவேலுக்கு நியாயம் விசாரித்த தெபொராளையும், தகப்பன் சொத்தில் தமக்குப் பங்கு கேட்டுப் பெற்ற செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகளையும், உயிர்த்தெழுதலின் செய்தியைச் சீடருக்குக் கொண்டுசென்ற மகதலேனா மரியாளையும் அறிமுகஞ் செய்வோமாக.

உடலைப் பற்றிய கேள்வி

ஏறக்குறைய 10 அடிக்கு 12 அடியான காம்பராவில் ஒரு குடும்பமே வாழும் லயங்களில், உடலைப் பற்றிய கேள்விகள் விரைவிலேயே பிறக்கும். அதட்டி அடக்குதலும் கேலி செய்தலும் வேண்டா. கேட்ட அளவுக்கு, உண்மையாய், சுருக்கமாய் விடை கூறினால் போதும். ஆணுடலும் பெண்ணுடலும் வேறு வேறு. இரண்டையும் கடவுள் நல்லதென்று கண்டார். ஆகவே எதுவும் வெட்கத்துக்குரியதன்று. இத்துடன் ஒன்றை மறவாது சொல்ல வேண்டும். உன் உடலைத் தகாத முறையில் தொட எவருக்கும் உரிமை இல்லை, உறவினராயினும், ஆசிரியராயினும், சபைப் பெரியவராயினும் உடனே அம்மாவிடம் சொல், உன்மேற் குற்றமில்லை. இதை மகளுக்கு மட்டுமன்றி மகனுக்கும் சொல்ல வேண்டும்.

ஓட்டமும் பந்தும் விரும்பும் சிறுமியும் உண்டு. கோலமும் பூவும் விரும்பும் சிறுவனும் உண்டு. பட்டப்பெயர் சூட்டி அவர்களைச் சிரிப்புக்கு ஆளாக்குதல் லயத்திற் சாதாரணம். அது பிள்ளையின் உள்ளத்தில் ஆறாத புண். அக்காலச் சமூகம் ஆண்வரிசையிலும் பெண்வரிசையிலும் சேர்க்காது ஒதுக்கிய அண்ணகருக்கு, குமாரர் குமாரத்திகளின் பெயரிலும் மேலான பெயரைக் கடவுள் வாக்களித்ததாக ஏசாயா 56ஆம் அதிகாரம் கூறுகிறது. எத்தியோப்பிய அண்ணகர் ஒருவருக்குப் பிலிப்பு தயங்காது ஞானஸ்நானம் கொடுத்தார். இவ்விடயங்களிற் சபைகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் ஒரு குழந்தையை எள்ளி நகையாட எந்தச் சபையும் நமக்கு உரிமை தரவில்லை.

இனி அந்த வாசலுக்குத் திரும்புவோம். மகள் மறுபடியும் கேட்டால் தாய் என்ன சொல்லலாம்? “நீ கேட்டது சரிதாம்மா. நாளையிலிருந்து ரெண்டு பேரும் போங்க” என்று சொல்லலாம். அதைக் கேட்டு, இஸ்தோப்பில் அமர்ந்திருக்கும் தகப்பன் எழுந்து மற்றக் குடத்தைத் தானே எடுத்துக்கொண்டு பீலிக்கு நடந்தால், மகன் பின்னாலேயே ஓடுவான். ஞாயிறு பாடசாலையில் ஓராண்டு படித்தும் விளங்காத பாடம், அந்தச் சிறு நடையில் அவனுக்கு விளங்கிவிடும்.