மண் வேண்டாம்! தொட்டி வேண்டாம்! வீட்டுக்குள் அந்தரத்தில் வளரும் "காற்றுச் செடி"
போர் தண்ணீர் ஊற்றினால் ஆபத்து

வேலூர்,

கடை வாசலில் தலைகீழாகத் தொங்குகிறது கற்றாழை. மண் கிடையாது. யாரும் தண்ணீர் ஊற்றுவதும் கிடையாது. ஆனாலும் மாதக்கணக்கில் பச்சையாகவே இருக்கிறது. சில சமயம் பூ கூட விடுகிறது!

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று எந்த ஊர் பஜாரில் நடந்தாலும் இதைப் பார்க்கலாம். திருஷ்டி கழியும் என்று கட்டுகிறோம். நம்பிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும். அது எப்படி உயிரோடு இருக்கிறது?

இதற்கு விடை தெரிந்தால், வீட்டுக்குள் "காற்றுச் செடி" வளர்க்கும் வித்தையும் புரிந்து விடும். இது பற்றிய விவரம் வருமாறு:-

ராத்திரியில் மூச்சு

பெரும்பாலான செடிகள் பகலில் இலைத் துளைகளைத் திறந்து காற்றை இழுக்கும். அந்த நேரத்தில் உள்ளே இருக்கும் ஈரமும் வெளியே போய் விடும்.

கற்றாழை அப்படி இல்லை. பகலில் கதவை மூடிக் கொள்ளும். கடைக்கு ஷட்டர் இறங்கிய பிறகு, ராத்திரி குளிர்ச்சியில் துளைகளைத் திறக்கும். அதனால் ஈரம் வீணாவது குறைவு. தடித்த மடலுக்குள் இருக்கும் நீரை வைத்தே காலம் தள்ளுகிறது.

வாசலில் கட்டும் ஆகாச கருடன் கிழங்கின் கதையும் ஏறக்குறைய இதுதான். கிழங்குக்குள் இருக்கும் நீரும் சத்தும்தான் அதன் கைமுதல். அதைச் செலவழித்துத்தான் தளிர் விடுகிறது.

ஆக, இரண்டும் காற்றைக் குடித்து வாழவில்லை. சேமிப்பைச் சாப்பிட்டு வாழ்கின்றன. சேமிப்பு கரைந்தால் சுருங்கிப் போகும்.

அன்னாசிக்குச் சொந்தம்

நிஜமான காற்றுச் செடி வேறு. அதன் பெயர் தில்லாண்ட்சியா. அமெரிக்கக் கண்டங்களில் மரத்திலும் பாறையிலும் தொற்றி வளர்வது. நாம் சாப்பிடும் அன்னாசியின் குடும்பம். 600-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு.

இதில் ஒரு வகை சாமியார் தாடி மாதிரி நீளமாகத் தொங்கும். ஒரு காலத்தில் அமெரிக்காவில் அதைக் காய வைத்து, மெத்தைக்கு பஞ்சு போல அடைத்தார்கள்!

இந்தச் செடிக்கு வேர், பிடித்துக் கொள்ள மட்டும்தான். தண்ணீர் குடிப்பது இலை. இலை மேல் சாம்பல் பூசியது போல நுண்ணிய செதில்கள் இருக்கும். மழையையும் பனியையும் உறிஞ்சுவது அவைதான்.

இப்போது நம் நாட்டு நர்சரிகளிலும் ஆன்லைன் கடைகளிலும் இது விற்பனைக்கு வருகிறது. "தண்ணீரே வேண்டாம் சார், காத்து போதும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தண்ணீர் இல்லாவிட்டால் நம்ம ஊர் கத்திரி வெயிலில் காய்ந்து சருகாகி விடும்.

எந்தத் தண்ணீர்?

இங்கேதான் நம்ம ஊர்ப் பிரச்சினை வருகிறது.

பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்பு போடுவார்கள். பதனிடும்போது அந்த உப்பு கழிவு நீரோடு வெளியே வரும். பல ஆண்டுகளாக இது பாலாற்றுப் பகுதியின் நிலத்தடி நீரில் கலந்தது. சுமார் 35 ஆயிரம் ஹெக்டேர் நிலம் சாகுபடிக்கு முழுமையாகவோ ஓரளவோ லாயக்கற்றுப் போனதாக, சுப்ரீம் கோர்ட்டு 1996-ம் ஆண்டு ஆகஸ்டு 28-ந் தேதி அளித்த தீர்ப்பிலேயே பதிவாகி இருக்கிறது. "மாசுபடுத்தியவரே நஷ்டஈடு தர வேண்டும்" என்ற கொள்கையை நாடு முழுவதும் பேச வைத்த வழக்கு அது.

கிணற்றை நம்பிய விவசாயி பட்ட பாட்டை, இந்தச் சின்னச் செடி வீட்டு ஜன்னலிலேயே காட்டி விடும். மண்ணில் இருக்கும் செடிக்காவது மழை வந்தால் வேரடி உப்பு கொஞ்சம் கழுவிப் போகும். காற்றுச் செடிக்கு அந்த வசதி இல்லை. ஊற்றிய தண்ணீர் காய்ந்ததும் உப்பு இலையிலேயே தங்கும். செதில்கள் அடைபடும். நுனி கருகும்.

உங்கள் வீட்டு போர் தண்ணீரைச் சோதிக்க ஒரு சுலபமான வழி: ஒரு எவர்சில்வர் தட்டில் ஊற்றி வெயிலில் காய விடுங்கள். வெள்ளையாகக் கெட்டிப் படலம் படிந்தால், அந்தத் தண்ணீர் செடிக்கு ஆகாது.

குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்பது இந்தியத் தர நிர்ணயம். வேறு வழி இல்லாத இடத்தில் 2 ஆயிரம் வரை அனுமதி உண்டு. மனிதனுக்கு வேறு வழி இல்லாமல் அனுமதித்த அளவை இந்தச் செடி தாங்காது.

மழை நீர்தான் இதற்கு அமுதம். மொட்டை மாடியில் விழும் மழையை ஒரு குடம் பிடித்து மூடி வையுங்கள். அது தீர்ந்தால் காவிரிக் கூட்டுக் குடிநீர். ஒரு ராத்திரி திறந்து வைத்து, குளோரின் வாடை போன பிறகு பயன்படுத்தலாம்.

வளர்க்கும் முறை

வாரம் ஒரு முறை, காலையில், செடியை அரை மணி நேரம் தண்ணீரில் அமுக்கி வையுங்கள். கோடையில் வாரம் 2 அல்லது 3 முறை.

எடுத்ததும் தலைகீழாக உதறுங்கள். 4 மணி நேரத்துக்குள் காய வேண்டும். நடுவில் தண்ணீர் தேங்கினால் அழுகி, கையோடு வந்து விடும்.

ராத்திரி நனைக்காதீர்கள். இதிலும் பல வகை கற்றாழையைப் போலவே ராத்திரியில்தான் துளைகளைத் திறக்கும். இலை ஈரமாக இருந்தால் மூச்சுத் திணறும்.

கிழக்கு ஜன்னல் ஓரம் நல்லது. நேர் வெயில் கூடாது. ஏ.சி. காற்று நேராகப் படக் கூடாது.

செம்புக் கம்பியில் கட்டவே கூடாது. அது இந்தச் செடிக்கு விஷம். நைலான் நூல் போதும். இல்லாவிட்டால் ஒரு கொட்டாங்குச்சியில் சும்மா உட்கார வைக்கலாம்.

வாழையடி வாழை

ஒரு செடி ஒரே முறைதான் பூக்கும். பிறகு மெல்ல மடியும். ஆனால் பக்கத்தில் கன்று விட்டிருக்கும். கன்று தாயில் மூன்றில் ஒரு பங்கு வளர்ந்ததும் பிரித்துக் கொள்ளலாம். வாழை வைத்த வீட்டாருக்கு இது புதிதல்ல.

பூ விட்டதும் செடி வாடுகிறதே என்று பயந்து தூக்கி எறிந்து விடாதீர்கள்!

நம் காட்டிலும் உண்டு

வெளிநாட்டுச் செடிதான் வேண்டும் என்று இல்லை. மரத்தில் தொற்றி, காற்றில் வேரை நீட்டி வளரும் ஆர்க்கிட் வகைகள் நம் கிழக்குத் தொடர்ச்சி மலையிலும் உண்டு. ஏற்காட்டில் இவற்றுக்கென்றே 1963-ம் ஆண்டு முதல் மத்திய அரசின் தாவரவியல் துறைப் பூங்கா இருக்கிறது. போய்ப் பார்க்கலாம்.

ஆனால் ஏலகிரிக்கோ ஜவ்வாது மலைக்கோ சுற்றுலா போகும்போது மரத்திலிருந்து பிய்த்து வராதீர்கள். காட்டுச் செடியைப் பறிப்பது குற்றம். வீட்டுக்கு வந்தாலும் பெரும்பாலும் பிழைக்காது. நர்சரியில் வாங்கி, மரச் சட்டக் கூடையில் அடுப்புக் கரித் துண்டு போட்டு வளர்க்கலாம்.

வாடகை வீட்டில் ஒரு ஜன்னல் இருந்தால் போதும். தோட்டம் ரெடி. அடுத்த மழைக்கு ஒரு குடம் மட்டும் மாடியில் வைக்க மறக்காதீர்கள்!