டக்... டக்... டமார்!

போடிமெட்டு மலைப்பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். மேலிருந்து இறங்கும்போது ஐந்தாவதோ ஆறாவதோ வளைவில், சீட்டுக்குக் கீழே யாரோ லட்சுமி வெடி வைத்தது போல 'டமார்' என்று ஒரு சத்தம். ஜீப்பின் பின்பக்கம் ஒரு குலுக்குக் குலுக்கியது. பயத்தில் நான் ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடிக்க, தூறலில் நனைந்திருந்த ரோட்டில் வண்டி வழுக்கிக்கொண்டு போய்த் தடுப்புச் சுவருக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

பக்கத்து சீட்டில் இருந்த என் மச்சினன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, "ஒண்ணும் உடையல மச்சான். லாக்கர் வேலை செய்யுது" என்றான்.

வேலை செய்தாலே இந்தக் கதி என்றால், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்க நினைத்தேன். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

நான் படித்தது பி.காம். டெபிட், கிரெடிட் தெரியும். டிஃபரன்ஷியல் என்றால் கணக்கில் ஏதோ கஷ்டமான பாடம் என்பதோடு நிறுத்திக்கொண்டவன். அப்படிப்பட்டவனை ஜீப்புக்கு அடியில் படுக்க வைத்தது மச்சினனின் ஏலக்காய்த் தோட்டம்.

தேனி மாவட்டம் போடிக்காரர்கள் பலருக்குத் தோட்டம் மலைக்கு மேலே, கேரளாவின் இடுக்கி மாவட்டத்தில் இருக்கும். மச்சினனுக்கும் பூப்பாறைப் பக்கம் கொஞ்சம் நிலம் உண்டு. தார் ரோட்டிலிருந்து தோட்டத்துக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் மண் பாதை. மழை பெய்தால் அது பாதை இல்லை, களிமண் அல்வா. அதில் ஏற இறங்க ஒரு பழைய மஹிந்திரா எம்.எம். 540 வைத்திருக்கிறான். ஃபோர் வீல் வண்டி.

இரண்டு வருஷத்துக்கு முன் ஆடி மாதம். நிழல் மரத்தில் ஏறிக் கிளை கழித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கீழே விழுந்துவிட்டார். கால் எலும்பு முறிவு. ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பினால், பாதி வழியில் வண்டி பள்ளத்தில் குறுக்காகச் சிக்கிக்கொண்டது. முன்னால் ஒரு சக்கரம் அந்தரத்தில், பின்னால் ஒரு சக்கரம் சேற்றில். இரண்டும் மாவரைக்கும் கிரைண்டர் மாதிரி சுற்றுகின்றன. கெட்டித் தரையில் இருந்த மற்ற இரண்டு சக்கரமும் அசையவில்லை. கடைசியில் கம்பளியில் கட்டி, நாலு பேர் தோளில் சுமந்து பெரியவரை ரோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு மணி நேரம். அவர் பிழைத்துக்கொண்டார். கால் மட்டும் கொஞ்சம் சாய்த்துத்தான் நடக்கிறார்.

"ஃபோர் வீல் வண்டின்னு பேரு. ஆபத்துக்கு ரெண்டு வீல் சும்மா நின்னுச்சு மச்சான்" என்று அன்றைக்கு ராத்திரி போனில் அழாத குறையாகச் சொன்னான்.

ஏன் நின்றது? போடியில் வொர்க் ஷாப் வைத்திருக்கும் மேஸ்திரி விளக்கினார். எனக்குப் புரிந்த பாஷையில் சொல்கிறேன்.

வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரத்துக்குக் குறைந்த தூரம். இரண்டையும் ஒரே கம்பியில் இறுக்கிவிட்டால் ஏதாவது ஒன்று தேய்ந்து வழுக்கியாக வேண்டும். அதற்காக நடுவில் வைத்த பல்சக்கரக் கூட்டணிதான் டிஃபரன்ஷியல். பெக்கூர் என்ற பிரெஞ்சுக்காரர் 1820-களிலேயே நீராவி வண்டிக்காக இதைச் செய்துவிட்டார்.

இது ஒரு பார்ட்னர்ஷிப். வேகம் ஆளுக்கு ஒரு மாதிரி இருக்கலாம். ஆனால் தள்ளு விசை எப்போதும் சரிபாதி! 'வழுக்குகிற சக்கரத்துக்கே எல்லா சக்தியும் போய்விடும்' என்று பலர் சொல்வார்கள். விஷயம் வேறு. அந்தரத்தில் சுற்றும் சக்கரத்துக்கு ஏறக்குறைய பூஜ்யம் விசை போதும். பங்கு சரிபாதி என்பதால் கெட்டித் தரையில் நிற்கும் பார்ட்னருக்கும் அதே பூஜ்யம்தான். ஒருவர் மஞ்சக் கடிதாசி கொடுத்தால் இரண்டு பேருக்கும் திவால்.

லாக்கர் செய்வது இந்தப் பார்ட்னர்ஷிப் பத்திரத்தைக் கிழித்துப் போடுவது. இரண்டு சக்கரமும் சேர்ந்தே சுற்று, பிடிமானம் உள்ளவன் தள்ளு என்கிறது. சில வண்டிகளில் பட்டனை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். நாம் பேசுவது பட்டனே இல்லாத ஆட்டோமேட்டிக் லாக்கர். அதிலும் இரண்டு ஜாதி.

முதல் ரகம், எப்போதும் பூட்டியே இருக்கும். வளைவில் மட்டும் விட்டுக்கொடுக்கும். இரண்டாவது உலகப் போர் காலத்து அமெரிக்க ராணுவ லாரிகளில் ஓடிய 'நோ ஸ்பின்' இந்தக் குடும்பம். இன்று 'டெட்ராய்ட் லாக்கர்' என்று பெயர். இரண்டாவது ரகம், எப்போதும் திறந்தே இருக்கும். இரு சக்கரங்களின் வேகத்துக்கும் நடுவே நிமிஷத்துக்குச் சுமார் 100 சுற்று வித்தியாசம் வந்தால் உள்ளே இருக்கும் எடைக்கட்டி விரிந்து பூட்டிவிடும். மணிக்குச் சுமார் 32 கிலோமீட்டருக்கு மேல் பூட்டாது. ஈட்டன் கம்பெனி 1973-லிருந்து அமெரிக்க பிக்கப் வண்டிகளுக்குக் கொடுத்தது இது. நம் ஊர் மஹிந்திரா தாரின் சில மாடல்களில் பின்பக்கம் வந்ததும் இந்த ரகம்தான்.

மச்சினன் வாங்கியது முதல் ரகத்தில் சின்னது. டிஃபரன்ஷியல் கூட்டை மாற்ற வேண்டாம். உள்ளே இருக்கும் சின்னப் பல்சக்கரங்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை உட்கார வைக்க வேண்டியதுதான். ஆக்ஸிலில் எத்தனை ஸ்ப்ளைன் என்று எண்ணிப் பார்த்து ஆர்டர் செய்தான். பார்சல் வந்தது. பிரித்தால், டிபன் பாக்ஸ் சைஸில் நாலைந்து இரும்புத் துண்டு, கொஞ்சம் ஸ்பிரிங், பின்.

"இதுக்கா இவ்வளவு காசு?" என்றேன்.

"தாலி கூட சின்னதுதான் தம்பி" என்றார் மேஸ்திரி.

பழைய கியர் ஆயிலை வடித்து, மூடியைக் கழற்றி, ஆக்ஸில் இரண்டையும் உருவி, குறுக்குத் தண்டைத் தட்டி எடுத்தார். ஸ்பைடர் கியர்கள் கையோடு வந்தன. கிரௌன் வீலும் பினியனும் எவ்வளவு நெருக்கத்தில் கடித்துக்கொண்டிருந்தனவோ, அதை மாற்றக் கூடாது என்பதில் கறாராக இருந்தார். அது தவறினால் வண்டி ஊளையிடும், பிறகு பல் போகும். லாக்கரின் இரு பாதிகளையும் கிரீஸ் தடவிச் சேர்த்து, நடுவில் இருக்கும் இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து, தாளில் போட்ட அளவோடு ஒப்பிட்டார். இடைவெளி அதிகமென்றால் கூடு தேய்ந்துவிட்டது, லாக்கர் போட லாயக்கில்லை என்று அர்த்தமாம். எங்கள் நல்ல காலம், சரியாக இருந்தது.

பின்னால் இரண்டு சக்கரத்தையும் தரைக்கு மேலே தூக்கி, எஞ்சினை நிறுத்தி, கியரில் போட்டு ஒரு சோதனை. இடது சக்கரத்தை நான் முன்னால் திருகி, இறுகியதும் பிடித்துக்கொள்ள வேண்டும். வலது சக்கரத்தை மச்சினன் பின்னால் சுற்ற வேண்டும். 'டக் டக் டக்' என்று சத்தத்தோடு லேசாகச் சுற்றினால் பாஸ். சுற்றியது. பிறகு ஆளை மாற்றி, பக்கத்தை மாற்றி இன்னொரு தடவை.

அப்போதுதான் மச்சினன் ஒரு காரியம் செய்யப் போனான். ஒரு பக்க ஜாக்கியை இறக்கிவிட்டு, தூக்கியிருந்த சக்கரம் எப்படிச் சுற்றுகிறது என்று பார்க்க எஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சாவியில் கை வைத்தான். மேஸ்திரி பாய்ந்து வந்து கையைத் தட்டிவிட்டார்.

"பழைய வண்டின்னு நெனச்சியா? ஒரு வீல் தரையில பட்டாப் போதும், ஜாக்கிய தள்ளிட்டு வண்டி ஓடிரும். அடியில உங்க மச்சான் படுத்திருக்காருய்யா!"

படுத்திருந்தது நான்தான். அதற்குப் பிறகு அன்றைக்கு நான் படுக்கவே இல்லை.

மறுநாள் தோட்டத்துக்குப் போனோம். அதே பள்ளம். மச்சினன் லோ கியரில் போட்டு, ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல், தடவிக் கொடுப்பது போல் வைத்தான். ஒரு பின் சக்கரம் காற்றில் தூக்கியது. வண்டி ஒரு முக்கல் கூட இல்லாமல், பூனை திண்ணை ஏறுவது போல ஏறிவிட்டது. எனக்குக் கை தட்டத் தோன்றியது. தட்டினேன்.

அந்தக் குஷியில்தான், "இறங்கும்போது நான் ஓட்டுறேன் மாப்ளே" என்று கேட்டு வாங்கினேன். பலன், முதல் பாராவில்.

சுவர் ஓரமாக வண்டியை நிறுத்தி யோசித்தபோது விஷயம் விளங்கியது. வளைவில் நான் லேசாக மிதித்துக்கொண்டிருந்தவரை உள்பக்கச் சக்கரம்தான் தள்ளிக்கொண்டிருந்தது. வெளிப்பக்கம் 'டக் டக்' என்று நழுவி ஓடியது. எதிரே பஸ்ஸைப் பார்த்ததும் சட்டென்று காலை எடுத்தேன். உடனே எஞ்சின் இழுத்துப் பிடிக்க, பாரம் மொத்தமும் உள்பக்கச் சக்கரத்திலிருந்து வெளிப்பக்கச் சக்கரத்துக்குத் தாவியது. அந்தத் தாவல்தான் டமார். நீளம் குறைந்த ஜீப்பில் குலுக்கலும் ஜாஸ்தி. வண்டி தவறு செய்யவில்லை. பயந்து ஸ்டியரிங்கை ஒடித்ததுதான் தவறு, அது என் கணக்கு.

இன்னொன்றும் இருந்தது. பின்னால் வலது சக்கரத்தில் மாட்டியிருந்தது ஸ்டெப்னி. புது டயர். இடதில் தேய்ந்தது. சாதாரண டிஃபரன்ஷியல் இந்த வித்தியாசத்தைச் சத்தமில்லாமல் சமாளித்துவிடும். லாக்கர் சமாளிக்காது. நேர் ரோட்டிலேயே வண்டி இடது பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. பழைய ஜீப் அப்படித்தான் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இப்போது பின்பக்கம் இரண்டு டயரும் ஒரே சைஸ், ஒரே தேய்மானம், ஒரே காற்று.

அதன் பிறகு மச்சினன் வீட்டில் ஒரு சட்டம் போட்டிருக்கிறான். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைக்கணும். வளைவுக்குள் கியர் மாற்றக் கூடாது. காலை வைத்தால் ஒரே சீராக வைக்கணும், எடுத்தால் மெதுவாக எடுக்கணும். பக்கவாட்டில் சரிந்த ஈர மண்ணில் இரட்டிப்பு ஜாக்கிரதை. அங்கே சாதாரண வண்டியில் ஒரு சக்கரம் வழுக்கினாலும் இன்னொன்று நங்கூரம் மாதிரி பிடித்துக்கொள்ளும். லாக்கர் வண்டியில் இரண்டும் சேர்ந்து வழுக்கும். வால் அப்படியே பள்ளத்தைப் பார்த்து இறங்கும். பிடிமானம் உள்ள ஒரே ஆக்ஸில் எஞ்சினின் முழுப் பலத்தையும் தாங்க வேண்டியிருப்பதால், பாறையில் சிக்கும்போது வெறிகொண்டு மிதித்தால் ஆக்ஸில் ஒடியும்.

உங்களில் யாராவது சனி, ஞாயிறு மலையேற ஜீப் வாங்கி, இதைப் போட ஆசைப்பட்டால் ஒன்று சொல்வேன். கம்பெனியே போட்டுக் கொடுத்தால் தொந்தரவு இல்லை. வெளியே வாங்கி மாட்டுவதாக இருந்தால் முதலில் ஆர்.டி.ஓ. ஆபீஸிலும் இன்ஷூரன்ஸிலும் கேட்டுவிடுங்கள். வண்டியை மாற்றி அமைப்பது பற்றி மோட்டார் வாகனச் சட்டத்தில் 52-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பிறகு, மாட்டின மறுநாளே மலைக்குப் போகாதீர்கள். காலி மைதானத்தில் ஒரு வாரம் வட்டமடியுங்கள். லாக்கரை மாட்ட மேஸ்திரிக்கு ஒரு நாள் போதும். நம் வலது கால் அதைக் கற்றுக்கொள்ள அதற்கு மேல் ஆகும்.

போன ஆடியில் மறுபடி தோட்டத்துக்குப் போயிருந்தேன். மூன்று நாள் மழை. இந்தத் தடவை நான் பின் சீட்டில்தான் உட்கார்ந்தேன், கேட்கக் கூட இல்லை. என் பக்கத்தில் அந்தப் பெரியவர், சாய்த்து நடக்கும் காலை நீட்டிக்கொண்டு. பழைய பள்ளம் வந்ததும் கம்பியை இறுக்கிப் பிடித்தார். சக்கரம் தூக்கியது, டக் டக் என்றது, வண்டி ஏறியது.

"என்ன தம்பி, அடியில சத்தம் வருது?" என்று கேட்டார்.

"வரட்டும் பெரியவரே" என்றேன், ஏதோ நானே மாட்டின மாதிரி. "அந்தச் சத்தம்தான் ரெண்டு வீலையும் ஒண்ணா வேலை வாங்குது."

அவர் கம்பியை விடவில்லை. ஆனால் சிரித்தார்.