சென்னையிலும் தேடிய கோள்

2010 ஜனவரி 15, தை அமாவாசை. ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்க வந்தவர்களின் தலைக்கு மேலே, நடுப்பகலில் சூரியன் நெருப்பு வளையமாக நின்றது. தனுஷ்கோடிக் கரையில் அந்த வளையம் சுமார் 10 நிமிடம் நீடித்தது. இந்த ஆயிரமாண்டின் மிக நீண்ட கங்கண கிரகணம் அது. ஆனாலும் சூரியனை ஒட்டி ஏதேனும் கோள் சுற்றுகிறதா என்று பார்க்க அது உதவாது. விளிம்பில் மிஞ்சும் வெளிச்சம் வானத்தை இருட்ட விடாது. அதற்கு முழுக் கிரகணம் வேண்டும்.

அப்படியொரு கோளை 19-ஆம் நூற்றாண்டில் மெய்யாகவே தேடினார்கள். புதனின் பாதை, நியூட்டனின் கணக்கு சொல்வதைவிடச் சற்றுக் கூடுதலாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அந்த மிகை நூறாண்டுக்கு 43 விகலை. ஒரு பாகையில் 3,600 விகலை உண்டு. 1846-இல் கணக்குப் போட்டே நெப்டியூன் இருக்கும் இடத்தைச் சொன்ன பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே, புதனுக்கு உள்ளே இன்னொரு கோள் இருந்து அதை இழுக்கலாம் என்று 1859-இல் அறிவித்தார். லெஸ்கார்போ என்ற கிராமத்து மருத்துவர், அந்த ஆண்டு மார்ச் 26-ஆம் தேதியே சூரியனின் முகத்தில் ஒரு கரும்புள்ளி நகர்ந்ததைக் கண்டதாக அவருக்கு எழுதினார். கோளுக்கு வல்கன் என்று பெயரும் வைத்தாயிற்று.

மறு ஆண்டும் அதே பருவத்தில் அது சூரியனைக் கடக்கலாம். ஆனால் ஐரோப்பாவில் இரவாக இருக்கும்போது கடந்துவிட்டால்? கிழக்கே இருப்பவர்கள்தான் பார்க்க வேண்டும். 1860 மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் சிட்னி, மெல்போர்னுடன் சேர்ந்து, நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வான் ஆய்வகமும் சூரியனைக் கண்காணித்தது. அப்போது அதன் பொறுப்பில் இருந்தவர் டென்னன்ட். பின்னாளில் 1874-ஆம் ஆண்டின் வெள்ளிக் கடப்பைப் பற்றி இந்திய மொழிகளில் எழுதி விளக்கிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, அங்கே உதவியாளராக இருந்த காலம் அது. பங்குனி வெயிலில் சூரியனையே பார்த்துக்கொண்டிருக்கும் வேலை. கரும்புள்ளி எதுவும் வரவில்லை.

வல்கனின் கதையைச் சொல்பவர்கள் பாரிஸில் தொடங்கி பெர்லினில் முடித்துவிடுகிறார்கள். நுங்கம்பாக்கத்தை விட்டுவிடுவது எனக்கு வருத்தம். காணவில்லை என்று நேர்மையாகப் பதிந்து அனுப்பியதும் அறிவியல்தான்.

1871 டிசம்பர் 12-இல் முழுக் கிரகணத்தின் நிழல் நீலகிரி, அவிநாசி, புதுக்கோட்டை வழியாக வந்து, பாம்பனுக்கு வடக்கே பாக் நீரிணையைத் தாண்டி யாழ்ப்பாணம் போனது. அன்று வந்திருந்த வானியலாளர்களின் கண் பெரும்பாலும் சூரியனைச் சுற்றிய ஒளிவட்டத்தின் மீதே இருந்தது. 1878-இல் அமெரிக்காவில் தெரிந்த கிரகணத்தின்போது வாட்சனும் ஸ்விஃப்டும் புதிய கோளைக் கண்டதாகச் சொன்னார்கள். அடுத்தடுத்த கிரகணங்களில் அது தென்படவில்லை.

1915 நவம்பரில் பெர்லினில் ஐன்ஸ்டைன் அந்த 43 விகலைக்கு விடை சொன்னார். சூரியனின் நிறை தன்னைச் சுற்றிய காலவெளியையே வளைக்கிறது. அந்த வளைவில் செல்லும் புதனின் பாதை அவ்வளவு திரும்பியே ஆக வேண்டும். புதிதாக ஒரு கோள் தேவைப்படவில்லை. மதராஸ் ஆய்வகத்தின் வானியல் பணி அதற்குள் கொடைக்கானல் மலைக்கு மாறியிருந்தது. அங்கே தினமும் சூரியனைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.