பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் மிதிவண்டிப் பயணம்

பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் என்பது பிரான்ஸ் நாட்டில் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும் நெடுந்தூர மிதிவண்டிப் பயணம் ஆகும். பாரிஸ் அருகே தொடங்கி, மேற்கே அத்திலாந்திக் கரையிலுள்ள பிரெஸ்ட் துறைமுக நகரைத் தொட்டு, மீண்டும் தொடங்கிய இடத்திற்கே திரும்ப வேண்டும். மொத்தத் தொலைவு ஏறத்தாழ 1,200 கி.மீ. இதனைப் பெரும்பாலானோர் 90 மணி நேரத்திற்குள் முடிக்க வேண்டும். 80, 84 மணி நேர எல்லைகளைத் தேர்ந்து செல்வோரும் உண்டு. 2023 ஆகஸ்டில் நடந்த பயணத்தில் 6,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். இது போட்டி அன்று. முதலில் வந்தவருக்கும் கடைசி நிமிடத்தில் வந்தவருக்கும் ஒரே பதக்கமே கிடைக்கும்.

வரலாறு

1891ஆம் ஆண்டு 'லெ பெத்தி ழூர்னால்' என்னும் பாரிஸ் நாளிதழின் ஆசிரியர் பியேர் ழிஃபார் இதனை ஒரு போட்டியாகத் தொடங்கினார். மிதிவண்டி விளையாட்டுப் பொருள் அன்று, நடைமுறைப் பயணத்திற்கு ஏற்ற வாகனம் என்று காட்டுவதே அவர் நோக்கம். நாளிதழின் விற்பனையும் பெருகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இருநூறுக்கும் மேற்பட்டோர் புறப்பட, ஏறத்தாழ பாதிப் பேரே பயணத்தை நிறைவு செய்தனர். சார்ல் தெரோன் என்பவர் 71 மணி 22 நிமிடத்தில் முதலாவதாக வந்தார். கழற்றி மாட்டக்கூடிய, காற்றடைத்த மிஷ்லென் டயர்களை அவர் பயன்படுத்தினார். அவை அப்போது புதுமை. எனினும் வெற்றியைத் தீர்மானித்தது டயர் மட்டும் அன்று. முன்னே சென்றுகொண்டிருந்த ழியேல்-லாவல் உறங்கிய நேரத்தில், தெரோன் உறங்காமல் அவரைக் கடந்து சென்றார்.

அதன்பின் பெரும்பாலும் பத்தாண்டுக்கு ஒருமுறை போட்டி நடந்தது. 1901இல் வென்ற மொரிஸ் காரென், 1903இல் முதலாவது தூர் த பிரான்ஸ் போட்டியிலும் வென்றார். 1931இல் ஆஸ்திரேலியரான ஹியூபர்ட் ஓப்பர்மன் வென்றார். கடைசித் தொழில்முறைப் போட்டி 1951இல் நடைபெற்றது. அதில் மொரிஸ் தியோ 38 மணி 55 நிமிடத்தில் முடித்தார். பின்னர் போதிய வீரர்கள் பதிவு செய்யாததால் தொழில்முறைப் போட்டி நின்றுபோயிற்று.

ஆனால் 1931 முதலே 'ஓடாக்ஸ் க்ளப் பாரிசியன்' என்னும் சங்கம் அதே வழியில் பொதுமக்களுக்கான பயணத்தையும் நடத்தி வந்தது. இன்று எஞ்சியிருப்பது அதுவே. தொடக்கத்தில் பயணம் முக்கிய நெடுஞ்சாலையிலேயே சென்றது. மோட்டார் வாகனங்கள் பெருகியபின் சிறு சாலைகளுக்கு மாற்றப்பட்டது. இம்மாற்றமே இப்பயணத்தின் இன்றைய முகத்தை உருவாக்கியது எனலாம். நெடுஞ்சாலை ஊர்களைத் தவிர்த்துச் செல்லும். சிறு சாலை ஒவ்வோர் ஊரின் நடுவிலும் நுழைந்து வெளியேறும்.

வழியும் ஊர்களும்

2019, 2023 ஆண்டுகளில் பயணம் ராம்பூயே நகரில் தொடங்கியது. அங்கு அரச மாளிகையும், பதினாறாம் லூயி மன்னன் காலத்தில் மெரினோ செம்மறியாடுகள் வளர்க்க ஏற்படுத்திய பண்ணையும் உள்ளன. சில மணி நேரத்தில் வயல்வெளிகள் முடிந்து பெர்ச் குன்றுகள் தொடங்குகின்றன. பெர்ஷெரோன் என்னும் பெருத்த உடலுள்ள வண்டிக் குதிரை இப்பகுதிக்குரியது. மொர்தாஞ்-ஓ-பெர்ச் ஊர் குன்றின் உச்சியில் அமைந்திருப்பதால், ஊரை அடைய ஏறியே ஆகவேண்டும். பழைய ஊர்களைப் பாதுகாப்புக்காக மேட்டில் கட்டியவர்கள் மிதிவண்டிக்காரரைப் பற்றி எண்ணவில்லை.

அடுத்து வரும் வில்லேன்-லா-ழுவேல் சிற்றூரில் ஊர் மக்கள் தெருவில் திரண்டு, வருவோரையெல்லாம் கைதட்டி வரவேற்பது வழக்கம். அதற்கு மேற்கே உள்ள ஃபூழேரில் இடைக்காலக் கோட்டை ஒன்று பதின்மூன்று கோபுரங்களுடன் நிற்கிறது. பிரெத்தாஞ் பகுதியின் எல்லையைக் காக்கக் கட்டப்பட்ட கோட்டை இது. இதற்குப் பின் வீடுகளின் தோற்றம் மாறுகிறது. கருங்கல் சுவர்களும் பலகைக்கல் கூரைகளும் மிகுகின்றன. வழியிலுள்ள பெஷெரெல் 1989 முதல் 'புத்தக ஊர்' எனப்படுகிறது. அச்சிற்றூரில் பழைய புத்தகக் கடைகள் பல உள்ளன. நேரக் கணக்கில் ஓடுவோர் இறங்கிப் பார்க்க இயலாது என்பது வருத்தமே.

லூதேயாக், கரே ஆகிய ஊர்களைத் தாண்டினால் ஆரே குன்றுகள். அங்குள்ள ரொக் த்ரெவேசெல் பாறைமுகட்டின் உயரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 384 மீட்டர். அதனருகே செல்லும் சாலையே பயணத்தின் மிக உயர்ந்த பகுதி. பிறகு எலோர்ன் ஆற்றின் முகத்துவாரத்தின் மேலுள்ள அல்பேர்-லூப் பாலத்தைக் கடந்து பிரெஸ்ட் நகரை அடைவர். 1930இல் திறக்கப்பட்ட இக்காங்கிரீட் பாலத்தை வடிவமைத்தவர் புகழ்பெற்ற பொறியியலாளர் யூஜேன் ஃப்ரெய்சினே. அருகே புதுப் பாலம் வந்தபின் இது நடப்போருக்கும் மிதிவண்டிக்காரருக்கும் விடப்பட்டது. இங்கு நின்று படம் எடுத்துக்கொள்ளாதவர் குறைவு.

மலை இல்லாத நாட்டில் மலையேற்றம்

இப்பயணத்தில் ஆல்ப்ஸ் போன்ற மலை எதுவும் இல்லை. உயர்ந்த இடமே 400 மீட்டரைத் தொடவில்லை. ஆயினும் முழுப் பயணத்திலும் ஏறும் ஏற்றங்களைக் கூட்டினால் 10,000 மீட்டருக்கு மேல் வரும். எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் 8,849 மீட்டர்தான். சாலை அலைபோல் இடைவிடாது ஏறி இறங்குவதே இதற்குக் காரணம்.

ஏறிய அளவுக்கு இறங்கவும் செய்வதால் இரண்டும் சமன் ஆகிவிடும் என்று பலர் எண்ணுவர். கணக்கு வேறு. சமதளத்தில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் செல்பவர் 20 கி.மீ. தொலைவை 40 நிமிடத்தில் கடப்பார். அதே 20 கி.மீ.யில் பாதி ஏற்றம், பாதி இறக்கம் எனக் கொள்வோம். ஏற்றத்தில் வேகம் 15 ஆகக் குறைந்தால், அந்த 10 கி.மீ.க்கு மட்டும் 40 நிமிடம் ஆகும். இறக்கத்தில் 45 கி.மீ. வேகத்தில் பறந்தாலும் மேலும் 13 நிமிடம் 20 நொடி வேண்டும். சராசரி வேகம் 22.5 கி.மீ. ஆகிவிடுகிறது.

இறக்கத்தில் வேகம் கூடக்கூடக் காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. எனவே மேட்டில் சேர்த்த நிலையாற்றலில் பெரும் பங்கு காற்றைத் தள்ளுவதிலேயே செலவாகிறது. எஞ்சியதைப் பிரேக் தின்றுவிடும். பிரெத்தாஞ் சாலைகளில் பள்ளத்தின் அடியில் பெரும்பாலும் ஓர் ஓடை, குறுகிய பாலம், ஒரு வளைவு, சில வீடுகள் இருக்கும். வேகத்தைக் குறைக்காமல் கடக்க முடியாது. அடுத்த ஏற்றம் அங்கேயே தொடங்கும்.

இதற்குத் தீர்வு தசை வலிமை அன்று, பல்சக்கரத் தேர்வே. பிரான்சின் செந்தெத்தியேன் நகரில் வாழ்ந்த பால் த விவி (1853–1930), மிதிவண்டிக்குப் பல வேகநிலைகள் வேண்டும் என்று தம் 'லெ சிக்லிஸ்த்' இதழில் விடாது எழுதினார். அவரது புனைபெயர் வெலோசியோ. தூர் த பிரான்சை நிறுவிய ஆன்றி தெக்ராஞ்சோ, அது முதியோருக்கானது என்று கருதினார். 1937 வரை அப்போட்டியில் சங்கிலி மாற்றும் கருவி அனுமதிக்கப்படவில்லை. சமதளச் சாலைகளில் மட்டும் பழகி வருவோர், எளிய கியர் இன்றி முதல் இரவிலேயே முழங்கால் வலியால் விலக நேர்வதுண்டு.

நேரமும் உறக்கமும்

பங்கேற்க விரும்புவோர் அதே ஆண்டில் 200, 300, 400, 600 கி.மீ. பயணங்களை முறையே 13½, 20, 27, 40 மணி நேரத்திற்குள் முடித்துத் தகுதி பெறவேண்டும். இத்தகுதிப் பயணங்கள் சென்னை உட்பட இந்திய நகரங்களிலும் நடத்தப்படுகின்றன. 2019இலும் 2023இலும் இந்தியாவிலிருந்து சில நூறு பேர் பிரான்ஸ் சென்றனர்.

1,200 கி.மீ.யை 90 மணியால் வகுத்தால் மணிக்கு 13.3 கி.மீ. இது எளிதாகத் தோன்றும். ஆனால் கடிகாரம் நிற்பதில்லை. ஓடும்போது சராசரி 20 கி.மீ. என்றால் 60 மணி நேரம் மிதிக்க வேண்டும். எஞ்சும் 30 மணி நேரத்தில்தான் உணவு, வரிசையில் காத்திருத்தல், பதிவு ஏட்டில் முத்திரை, பஞ்சர் ஒட்டுதல், உறக்கம் அனைத்தும் அடங்கவேண்டும். பதினைந்து இடங்களில் முக்கால் மணி நேரம் நின்றாலே 11 மணி நேரத்திற்கு மேல் போய்விடும். வேகத்தைக் கூட்டுவதைவிட நிற்கும் நேரத்தைக் குறைப்பதே எளிது.

குறைப்பது பெரும்பாலும் உறக்கத்தையே. அதில்தான் ஆபத்து உள்ளது. மூன்றாம் இரவில் மரங்கள் மனிதர்களாகத் தெரிவதாகவும், மிதித்துக்கொண்டே கண்ணயர்ந்ததாகவும் பலர் எழுதியுள்ளனர். சாலையோரப் புல்லிலும், வங்கிப் பணப்பொறி அறையிலும் படுத்துறங்குவோரைக் காணலாம். அவ்வாறு இறங்கிப் படுப்பவரே அறிவாளி. 2007இல் ஓயாத மழையால் பலர் இடையில் விலகினர்; 2019இல் இரவுக் குளிர் வாட்டியது. 2011இல் பங்கேற்பாளர் ஒருவர் சாலை விபத்தில் உயிரிழந்தார். பிரான்சில் ஊர் எல்லைக்கு வெளியே இரவில் ஒளி எதிரொளிக்கும் மேலாடை அணிவது மிதிவண்டிக்காரருக்குச் சட்டப்படி கட்டாயம்.

இரவில் ஊர்கள் செய்யும் உதவி இங்கே முக்கியமானது. நள்ளிரவிலும் வீட்டு வாசலில் மேசையிட்டுக் காப்பி, தண்ணீர், ரொட்டி வைத்திருப்பர். பணம் வாங்குவதில்லை. ஒரு சிற்றூரில் ஒரு குடும்பத்தினர், ஊர் திரும்பியபின் ஓர் அஞ்சலட்டை அனுப்பினால் போதும் என்பர். கடைகள் மூடியிருக்கும் வேளையில் அனுபவசாலிகள் தேடுவது தேவாலயக் கல்லறைத் தோட்டத்தை. செடிகளுக்கு நீர் ஊற்ற அங்குக் குழாய் இருக்கும். குடிக்கத் தகாத நீர் என்ற பலகை உள்ளதா என்று பார்த்துக்கொள்ளவேண்டும்.

பெயர்பெற்ற இனிப்பு

'பாரிஸ்–பிரெஸ்ட்' என்ற பெயரில் ஓர் இனிப்பும் உண்டு. வளையமாகச் சுட்ட மெல்லிய மாவுப் பண்டத்தை இரண்டாக அரிந்து, வறுத்த பருப்பின் சுவையுள்ள பாலேட்டை நடுவில் நிரப்பிச் செய்வர். பாரிசுக்கு அருகிலுள்ள மேசோன்-லஃபித் ஊரில் லூயி துரான் என்னும் பண்டக்காரர் 1910இல் இதனை மிதிவண்டிச் சக்கர வடிவில் உருவாக்கினார் என்பர். பிரான்சின் இனிப்புக் கடைகளில் இது இன்றும் கிடைக்கிறது.