செல்வத்தின் நிலைபேறு

ஈட்டிய பொருள் எங்கே நிலைக்கிறது? தாராபுரம் அமைந்த மன்னார்த் தீவின் முனையிலுள்ள தலைமன்னாரிலிருந்து 1914 முதல் 1964 வரை தனுஷ்கோடிக்குக் கப்பல் ஓடியது. அக்கரைச் செட்டிநாட்டின் கானாடுகாத்தானில் 1881இல் பிறந்தவர், வணிகப் பெருஞ்செல்வர் ராஜா அண்ணாமலைச் செட்டியார். மகன் முத்தையா, சென்னை மேயரும் அமைச்சருமானார். பேரர் இராமசாமி மாநிலங்களவை உறுப்பினரானார். பதவிகள் குடும்பத்தின் பெருமை. 20 இலட்சம் ரூபாய் ஈந்து 1929இல் சிதம்பரத்தில் அவர் நிறுவிய பல்கலைக்கழகமோ ஊரார் உடைமை. 1931இல் அதன் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவர், ஈழத்துக் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள். 1948இல் வள்ளல் மறைந்தார், 2013இல் பல்கலைக்கழகத்தை அரசு ஏற்றது, கல்வி நிற்கவில்லை. செல்வர்களே, பள்ளி நடத்துவோன் என்ற முறையில் யான் வேண்டுவது ஒன்றே: மக்களுக்குச் சொத்தெழுதும்போது, ஊரார் பிள்ளைக்கும் ஒரு பங்கு எழுதுங்கள்.