திராட்சத்தோட்டமும் பிதாக்களின் சுதந்தரமும்

ஆகாப் அரசன் நாபோத்திடம் பேசிய பேரம், மேலோட்டமாகப் படிப்போருக்கு நியாயமானதாகவே தோன்றும். யெஸ்ரயேலில் தன் அரண்மனையை அடுத்திருந்த திராட்சத்தோட்டத்தைக் கேட்டு, அதற்கீடாக அதனினும் நல்ல தோட்டத்தையோ தக்க விலையையோ தருவதாக அவன் கூறுகிறான். அதைக் கீரைக்கொல்லை ஆக்குவதே அவன் நோக்கம் (1 இராஜா. 21:2). நாபோத் ஏன் மறுத்தான்? நிலம் கர்த்தருடையது, அதை அறுதியாக விற்கலாகாது என்னும் பிரமாணம் (லேவி. 25:23) இதற்கு முதல் விடை. வகுப்புகளிலும் பிரசங்க பீடங்களிலும் பெரும்பாலும் அவ்விடையோடு நாம் நின்றுவிடுகிறோம். ஆனால் அந்நிலத்தில் நின்றது கோதுமையன்று, திராட்சை என்பதும் கவனிக்கத்தக்கது. திராட்சப் பயிரின் இயல்பை அறியாமல் நாபோத்தின் மறுப்பையும் ஏசாயாவின் பாட்டையும் முற்றும் உணர்தல் அரிது.

தமிழ்நாட்டு வாசகர் திராட்சக்கொடியைப் பெரும்பாலும் கம்பம் பள்ளத்தாக்கின் பந்தல்களில் கண்டிருப்பர். அங்கே கொடி குளிர்கால உறக்கம் கொள்வதில்லை. பாசன நீர் உண்டு. ஆண்டுக்கு இருமுறை கவாத்துச் செய்து இருமுறை பழம் பறிக்கலாம். இக்காட்சியை மனத்தில் வைத்துக்கொண்டு யூதேயா மலைநாட்டிற்குள் நுழைவோமாயின் வழி தவறிவிடுவோம். அங்கே அக்டோபர் முதல் ஏப்ரல் வரையே மழை. கோடை முழுவதும் வறட்சி. சுண்ணாம்புப் பாறையின் பிளவுகளில் வேர் ஆழ இறங்கி, தங்கிய ஈரத்தைத் தேடிக்கொள்ளவேண்டும். மாரிக்காலத்தில் இலையுதிர்த்து வெறுங்கட்டையாய் நிற்கும் கொடி, வசந்தத்தில் துளிர்த்துக் கோடையின் இறுதியில் பழுக்கும். ஆண்டுக்கு ஒரே அறுப்புதான். பந்தலும் எங்கும் இருந்ததில்லை, தாழ்ந்து படரும் கொடியையே எசேக்கியேல் நம் கண்முன் வைக்கிறார் (எசே. 17:6).

இப்பயிர் இஸ்ரவேலருக்கு நெடுங்காலத்திற்கு முன்னரே தோன்றியது. ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன் மேற்கு ஆசியாவிலும் காக்கேசியாவிலும் காட்டுத் திராட்சை வீட்டுப் பயிராக்கப்பட்டது என 2023ஆம் ஆண்டு வெளியான மரபணு ஆராய்ச்சி கூறுகிறது. ஜார்ஜியா நாட்டில் கி.மு. 6000 அளவிலான மட்பாண்டங்களில் திராட்சரசத்தின் சுவடுகளும் கிடைத்துள்ளன. அரராத் மலை அருகில் இருப்பதால், இதைக்கொண்டு நோவாவின் தோட்டத்தை நிரூபித்துவிட்டதாகப் பிரசங்கிக்க வேண்டுவதில்லை. நமக்கு முக்கியமானது வேறொன்று. காட்டுக்கொடியில் ஆணும் பெண்ணும் தனித்தனி. பயிரிடும் கொடியின் பூ இருபாலும் கொண்டது. விதையிட்டால் தாய்க்கொடியின் குணம் மாறாமல் வருவதில்லை. ஆகையால் நல்ல கொடியின் தண்டை வெட்டி நட்டே அதன் குலத்தைக் காக்கவேண்டும். ஏசாயா 5:2இல் வரும் ‘நற்குலம்’ வெறும் அலங்காரச் சொல்லன்று. அதே வசனத்தில் நம் பழைய மொழிபெயர்ப்பு கசப்பு என்று கூறும் பழத்திற்கு எபிரெயச் சொல் ‘பெயுஷிம்’. அதன் வேர்ச்சொல்லின் பொருள் நாற்றமெடுத்தல். நட்டவரின் ஏமாற்றம் அச்சொல்லில் இன்னும் கடுமையாக ஒலிக்கிறது.

தோட்டம் அமைப்போர் பட்ட பாட்டையும் அப்பாட்டு வரிசையாய்ச் சொல்லுகிறது. மலைச்சரிவில் கற்களைப் பொறுக்கவேண்டும்; அக்கற்களைக் கொண்டே படிக்கட்டுபோன்ற வரப்புச் சுவர்களையும் வேலியையும் எழுப்பவேண்டும். காவற்கோபுரம் வேண்டும். பாறையிலேயே ஆலையை வெட்டவேண்டும்: மேலே மிதிக்கும் தொட்டி, கீழே இரசம் வடியும் தொட்டி. கிபியோனில் 1956 முதல் 1962 வரை பிரிட்சர்ட் என்னும் அமெரிக்க அறிஞர் நடத்திய அகழாய்வில், இரசச் சாடிகளைக் குளிர்ச்சியாய் வைக்கப் பாறையில் குடைந்த 63 நிலவறைகள் காணப்பட்டன. இத்தனை உழைப்பும் ஒரு தலைமுறையில் முடிவதன்று.

இவ்வளவு செய்தும் உடனே பலன் இல்லை. முதல் மூன்றாண்டு கனி விலக்கப்பட்டது, நான்காம் ஆண்டின் கனி கர்த்தருக்குப் பரிசுத்தம், ஐந்தாம் ஆண்டிலேதான் நட்டவன் உண்ணலாம் (லேவி. 19:23-25). திராட்சத்தோட்டத்தை நட்டு இன்னும் அனுபவியாதவன் போருக்குச் செல்லவேண்டியதில்லை என்ற விதி (உபா. 20:6) இதனால்தான் பொருளுடையதாகிறது. காய்க்கத் தொடங்கிய பின்னரும் கொடியை விட்டு அகல முடியாது. சென்ற ஆண்டின் தண்டில் இவ்வாண்டு எழும் தளிரே கனி தரும். ஆண்டுதோறும் கிளை நறுக்காவிட்டால் கொடி கண்டபடி படர்ந்து நற்குலை தராமற்போகும். கீரையோ சில வாரங்களில் முளைத்து முடிவது. ‘கீரைக்கொல்லை’ என்று ஆகாப் பயன்படுத்தும் எபிரெயத் தொடர் பழைய ஏற்பாட்டில் இன்னொரு இடத்தில் மட்டுமே வருகிறது: காலால் நீர்பாய்ச்சும் எகிப்தின் நிலத்திற்கு உவமையாக (உபா. 11:10). மழையை நோக்கி வாழும் சுதந்தர நிலத்தை அரசன் மீண்டும் எகிப்தாக்கப் பார்க்கிறான் என்று ஆசிரியர் உணர்த்துவதாகவே நாம் கருதுகிறோம். யெஸ்ரயேலில் 2013ஆம் ஆண்டு ஒரு பழங்கால ஆலை தோண்டியெடுக்கப்பட்டது. அது நாபோத்துக்கு உரியது என்று கூற ஆதாரமில்லை. அவ்வூர் மண்ணில் திராட்சை விளைந்தது என்பதற்கு அது போதும்.

நட்டவன் யார், உண்பவன் யார் என்னும் வினாவே தீர்க்கர்களின் காலத்தில் எழுகிறது. 1910இல் சமாரியாவின் அரண்மனைப் பகுதியில் எழுத்துப் பொறித்த ஓடுகள் பல கிடைத்தன. கி.மு. 8ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த இவை, சுற்றூர்களிலிருந்து தலைநகருக்கு வந்த பழைய இரசத்தையும் எண்ணெயையும் குறித்த பதிவுகள். இவை வரியா, நகரில் குடியிருந்த நிலவுடைமையாளருக்குச் சேர்ந்த விளைவா என்பதில் அறிஞர் ஒருமனப்படவில்லை. ஆயினும் அவற்றிலுள்ள இரு பெயர்கள் நம்மை நிறுத்துகின்றன: நோவாள், ஓக்லாள். தகப்பனின் சுதந்தரம் தங்களுக்கும் வேண்டும் என்று மோசேயின்முன் நின்ற செலொப்பியாத்தின் குமாரத்திகளில் இருவரின் பெயர்கள் அல்லவா (எண். 27:1)! அவர்கள் பெயரைத் தாங்கிய நிலப்பகுதிகளின் விளைவு இப்பொழுது தலைநகருக்குப் போகிறது. அங்கே பெரிய பாத்திரங்களில் திராட்சரசம் குடித்தவர்களை ஆமோஸ் கண்டிப்பது (ஆமோஸ் 6:6) ஏறத்தாழ அதே காலத்தில்தான்.

ஏசாயாவின் பாட்டை ஏழாம் வசனத்தோடு நிறுத்திவிடுவது நம்மிடையே வழக்கம். அங்கே ‘மிஷ்பாத்’ என்னும் நியாயத்தை எதிர்பார்த்தவருக்கு ‘மிஸ்பாக்’ என்னும் இரத்தஞ்சிந்துதல் கிடைக்கிறது. ‘செதாக்கா’ என்னும் நீதிக்குப் பதில் ‘செயாக்கா’ என்னும் முறைப்பாடு. அடுத்த வசனத்தையும் வாசிக்கவேண்டும். வீட்டோடு வீட்டையும் வயலோடு வயலையும் சேர்ப்பவருக்கு ஐயோ என்கிறார் தீர்க்கர். முறையிட்டவர் யார் என்பது இங்கேதான் விளங்குகிறது. அவ்வாறு சேர்த்த பத்து ஏர் திராட்ச நிலம் ஒரு ‘பாத்’ அளவே, அதாவது ஏறத்தாழ 22 லிட்டரே, தரும் என்பது அதற்குரிய தண்டனை (ஏசா. 5:10).

எருசலேம் வீழ்ந்தபோது பாபிலோனின் சேனாதிபதி, ஒன்றுமில்லாத ஏழைகளை யூதாவில் விட்டு, அவர்களுக்குத் திராட்சத்தோட்டங்களையும் வயல்களையும் கொடுத்தான் (எரே. 39:10). அவன் கருதியது தன் அரசனுக்கு வரும் வருமானமாக இருக்கலாம். துரத்தப்பட்டுச் சிதறியிருந்த யூதரும் அவ்வேளையில் மிஸ்பாவுக்குத் திரும்பிவந்தனர். அந்த ஆண்டு திராட்சரசமும் கோடைக்காலப் பழங்களும் மிகுதியாய்ச் சேர்ந்தன என்று எரேமியா 40:12 கூறுகிறது.