துணையை இழந்த குடும்பமும் சங்கத்தின் கடமையும்

நெடுநாள் நோயுற்று மறைபவரின் பிரிவிற்கு வீட்டார் ஓரளவேனும் மனத்தைத் திடப்படுத்திக்கொள்கிறார்கள். மாரடைப்பு, சாலை விபத்து, பாம்புக்கடி, வயலில் மின்சாரம் தாக்குதல் ஆகியவை அந்த அவகாசத்தைத் தருவதில்லை. அத்தகைய வீட்டிற்கு நேரும் இழப்பு இரண்டு வகைப்படும். முதலாவது துயரம், அதை ஆற்றுவது காலமும் உற்றாரும். இரண்டாவது, இருவர் சேர்ந்து நடத்திவந்த குடும்ப ஏற்பாடு ஒரே நாளில் அறுந்துபோவது. அறுந்த இழையைப் பிணைக்கும் வகையை நெசவாளர் நன்கறிவர். குடும்பத்தின் இழையை எந்த வரிசையில் பிணைப்பது என்பதை இங்கு விளக்க முற்படுகிறோம்.

தறி இருவருடையது

கணவன் நெய்கிறான்; மனைவி தார் சுற்றுகிறாள், பாவு பிணைக்கிறாள். கூலியோ ஒருவர் பெயரில் மட்டுமே பதிவாகிறது. கணவன் திடீரென இறந்தால், இருபது ஆண்டு உழைத்த மனைவியின் பெயர் சங்கப் பேரேட்டில் எங்கும் காணப்படுவதில்லை. மனைவி இறந்தாலோ, தார் சுற்ற வெளியாளுக்குக் கூலி கொடுக்கவேண்டி வருகிறது. சமையலும் குழந்தைகளும் கவனிப்பாரின்றித் தறி பாதி நாள் ஓய்ந்துவிடுகிறது. விவசாயி வீட்டிலும் இதே நிலைதான். நாற்று நட்டு, களை பறித்து, மாடு பேணியவள் மனைவி. பட்டாவும் கடன் கணக்கும் கணவன் பெயரில் இருக்கின்றன. ஆகவே எஞ்சியிருப்பவரைக் கணக்கில் ஓர் ஆளாக நிறுத்துவதே மறுவாழ்வின் முதற்படியாகும்.

முதல் மாதத்தில் செய்யவேண்டியவை

மரணத்தை 21 நாட்களுக்குள் பதிவு செய்தல் வேண்டும். காலம் கடந்தால் தாமதக் கட்டணமும் அதிகாரிகளின் அனுமதியும் தேவைப்படும். சான்றிதழைப் பல பிரதிகளாகப் பெற்றுக்கொள்வது நலம். அடுத்து, வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

இறந்தவருடைய வங்கிப் புத்தகத்தைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். மே மாத இறுதியை ஒட்டி 436 ரூபாயோ 20 ரூபாயோ பிடிக்கப்பட்டிருந்தால், அவர் 2015ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மத்திய அரசின் காப்பீட்டுத் திட்டங்களில் சேர்ந்திருக்கக்கூடும். முதலாவது, பிரதம மந்திரி ஜீவன் ஜோதி காப்பீடு. இயற்கை மரணத்திற்கும் இரண்டு லட்சம் ரூபாய் உண்டு. மற்றது, சுரக்ஷா காப்பீடு. விபத்து மரணத்திற்கு இரண்டு லட்சம் ரூபாய். இவ்வாறு பணம் பிடிக்கப்பட்டது வீட்டாருக்கே தெரியாமற் போவதுண்டு. விபத்தாயின் காவல் நிலையப் பதிவும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் தேவைப்படும். துயர வேகத்தில் பரிசோதனை வேண்டாமென்று மறுப்போர் பின்னர் உரிமையை நிலைநாட்ட இயலாமல் தவிக்கின்றனர்.

சங்கத்தில் செய்யவேண்டியவை

தறியில் பாதி நெய்த பாவு நிற்குமாயின், அது சங்கத்து நூல் என்பதால் உடனே செயலாளருக்கு அறிவிக்க வேண்டும். வேறொரு நெசவாளரைக் கொண்டு அதை முடிக்கச் செய்து, இறந்தவர் நெய்த அளவிற்குரிய கூலியைக் குடும்பத்திற்குச் சேர்ப்பிப்பது நேரிய முறை. பங்குத் தொகை, சேமிப்பு நிதி, கூலிப் பாக்கி ஆகியவற்றிற்கு எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டும்.

இங்கேதான் நியமனதாரர் பெயர் குறுக்கிடுகிறது. மணமாகுமுன் தாயின் பெயரையோ தமையன் பெயரையோ எழுதிவிட்டு, பின்னர் மாற்றாமலே விட்ட படிவங்களை நாம் ஆய்வுக்குச் செல்லும் சங்கங்களில் காண்கிறோம். பொதுவாக நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கையே ஆவார். யாருக்கு என்ன பங்கு என்பதை வாரிசுச் சட்டம் தீர்மானிக்கிறது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் மனைவி, மகன், மகள், தாய் ஆகியோருக்குத் தலைக்கு ஒரு சம பங்கு உண்டு. மனைவி பெற்ற பங்கு அவருடைய முழு உடைமை. பின்னர் மறுமணம் செய்துகொண்டாலும் அது பறிபோவதில்லை. பிற சமயத்தினருக்குச் சட்டம் வேறு. எனவே பதினாறாம் நாள் காரியம் முடியுமுன் உறவினர் நீட்டும் விடுதலைப் பத்திரத்தில் யாரும் கையெழுத்திடலாகாது.

கடன்காரர் வந்தாலும் இதே எச்சரிக்கை வேண்டும். இறந்தவருடைய கடனுக்கு, அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவிற்கே வாரிசுகள் பொறுப்பாவர். மனைவியே ஜாமீன் நின்றிருந்தால் மட்டும் அவர் தனியே பொறுப்பாகிறார். பழைய கடனுக்காகத் தம் பெயரில் புதிய புரோநோட்டு எழுதிக்கொடுப்பது, இல்லாத சுமையை வலிந்து ஏற்பதாகும்.

முதல் ஆண்டு

காரியம் முடிந்து உறவினர் ஊர் திரும்பிய பின்னரே வீட்டில் வெறுமை சூழ்கிறது. பெரிய முடிவுகளை அப்போது எடுத்தல் தகாது. தறியை விற்பதையும் நிலத்தைக் கிரயம் செய்வதையும் இயன்றவரை ஓராண்டு ஒத்திவைக்க வேண்டும். மகளின் படிப்பை நிறுத்துவதை எக்காலத்தும் எண்ணலாகாது. சிறிய வேலையாயினும் நாள்தோறும் ஒன்றைச் செய்துவருவது மனத்திற்குப் பற்றுக்கோடாகும். துணையை இழந்த ஆண் அழுவதற்கும் உதவி கேட்பதற்கும் கூசுகிறான். சிலர் மதுவை நாடுகின்றனர். அவனுக்கும் ஒரு வேளைச் சோறும் இரண்டு ஆறுதல் வார்த்தையும் தேவை.

இளமையிலேயே கணவனை இழந்த சகோதரி சுப்புலட்சுமி 1911இல் பட்டம் பெற்று, 1912இல் சென்னையில் இளம் விதவைகளுக்கென ஓர் இல்லம் தொடங்கினார். தாம் எழுந்ததோடு நில்லாமல், தம் நிலையிலிருந்த பெண்கள் கல்வி கற்று ஆசிரியைகளாக ஆவதற்கும் அவர் வழிகாட்டினார். மூலையில் அமர்த்துவது மரபு என்று கூறுவோர் இதனை எண்ணிப் பார்ப்பார்களாக.

நிர்வாகக் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள்

ஆண்டுதோறும் பொதுக்குழு கூடும் நாளில் நியமனப் படிவங்களைச் சரிபார்க்கச் செய்யுங்கள். தகுதியுள்ள மனைவியரைத் தம் பெயரிலேயே அங்கத்தினராகச் சேருங்கள். ஓர் அங்கத்தினர் மறைந்தால், பதினாறாம் நாளுக்குப் பின் இயக்குநர் ஒருவர் அவ்வீட்டிற்குச் சென்று விண்ணப்பங்களை எழுதித்தரட்டும். விருப்பமுள்ளவருக்கு நூலும் பாவும் தாமதமின்றிக் கிடைக்கட்டும். அங்கத்தினர்களே, இன்றிரவு உங்கள் வங்கிப் புத்தகத்தையும் சங்கப் புத்தகத்தையும் உங்கள் துணைவருடன் அமர்ந்து ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.